அரசின் ஏடே சான்றாகட்டும்

புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பயிலும் தமிழ் மாணவர்களில் பலர், தமது கல்விக் காலத்தில் ஒரு தடவையேனும் தாயகத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத முற்படுகின்றனர். வரலாறு, அரசறிவியல், சட்டம், சமூகவியல் எனத் துறை எதுவாயினும், தலைப்பைத் தாமே தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்ததும் அவர்களின் மனம் நாடுவது பெற்றோர் விட்டு வந்த மண்ணையே. இரவிரவாக விழித்திருந்து எழுதிக் கையளித்த கட்டுரை சில வாரங்களில் திரும்பி வருகின்றது. அதன் ஓரத்தில் விரிவுரையாளரின் கையெழுத்தில் ஒரு கேள்வி காணப்படுகின்றது: "இதற்குச் சான்று எங்கே?"

மாணவர் மனம் நோகின்றார். வீட்டிலே பெற்றோரும் கொதிப்படைகின்றனர். "நாங்கள் கண்ணால் கண்டதற்குச் சான்று கேட்கிறார்களா?" என்பது அவர்களின் ஆதங்கம். அந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆயினும் விரிவுரையாளரின் கேள்வியிலும் நியாயம் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளாதவரை, அடுத்த கட்டுரையும் அதே கேள்வியுடனேயே திரும்பி வரும்.

அக்கேள்விக்கு உறுதியான விடைகளுள் ஒன்று அரச ஆவணம். சட்டம், வர்த்தமானி, பாராளுமன்ற விவாதப் பதிவேடான கன்சாட், குடிசன மதிப்பீட்டு அறிக்கை, விசாரணை ஆணைக்குழு அறிக்கை, வெளிநாட்டு அமைச்சின் கோப்பு என்பன யாவும் இதில் அடங்கும். இவற்றை முறைப்படி எடுத்தாளும் பழக்கம் புலம்பெயர் தமிழ் இளையோரிடையே இன்னும் போதிய அளவு வேரூன்றவில்லை. அதன் விலையைச் செலுத்துவது ஒரு மாணவரின் மதிப்பெண் மட்டுமன்று; ஒரு மக்கள் கூட்டத்தின் நம்பகத்தன்மையும் ஆகும்.

ஆயர் காட்டிய வழி

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழர் தாயகத்திலேயே உள்ளது. 2011 ஆம் ஆண்டு சனவரியில், அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்த மக்களின் தொகை 429,059 என்பது முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவு. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தோர் 282,380 பேர் என்பது ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்கு. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது 146,679. இம்மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே ஆயரின் கேள்வி.

இக்கணக்கில் ஆயரின் சொந்த மதிப்பீடு என்று எதுவும் இல்லை. ஓர் எண் இலங்கை அரசின் நிர்வாக அலுவலகங்களுடையது; மற்றையது ஐ.நா.வினுடையது. கழித்தல் மட்டுமே அவருடையது. ஆகவே, "இது ஒருதலைப்பட்சமான தரவு" என்று தள்ளிவிட எவராலும் எளிதில் இயலவில்லை. மறுக்க விரும்புவோர் கச்சேரிப் பதிவு பிழை என்றோ, வெளியேறியோர் கணக்கு முழுமையற்றது என்றோ காட்ட வேண்டியிருந்தது. சான்றுச் சுமை கேட்டவரின் தோளிலிருந்து இறங்கி, பதில் சொல்ல வேண்டியவரின் தோளில் ஏறியது. ஆண்டகை 2021 ஏப்ரல் 1 ஆம் நாள் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

அதே வேளை, இந்த எண்ணைப் பயன்படுத்தும் மாணவர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 146,679 என்பது கணக்கில் வராதோரின் தொகை. இதனைக் "கொல்லப்பட்டோர் தொகை" என்று எழுதுவது ஆவணம் சொல்லாததை ஆவணத்தின் வாயில் திணிப்பதாகும். மேலும், இது ஆணைக்குழுவின் முடிவும் அன்று. ஆணைக்குழுவின் முன் ஆயர் சமர்ப்பித்த கூற்று. "ஆணைக்குழு கண்டறிந்தது" என்று எழுதினால் அது பிழை. "ஆணைக்குழுவுக்கு மன்னார் ஆயர் அளித்த சமர்ப்பணம்" என்று எழுதினால் அது அசைக்க முடியாத சான்று.

ஒரு சொல் மாறினால்

இதே கவனக்குறைவு வேறோர் எண்ணிலும் அடிக்கடி நிகழ்கின்றது. "இறுதிப் போரில் 40,000 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கண்டறிந்தது" என்னும் வாசகம் எத்தனையோ துண்டுப் பிரசுரங்களிலும் மாணவர் கட்டுரைகளிலும் இடம்பெறுகின்றது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 மார்ச் 31 திகதியிட்ட அறிக்கை, தனது 137 ஆம் பந்தியில் கூறுவது வேறு. பொதுமக்கள் இறப்பு 40,000 வரையில் இருந்திருக்கலாம் என நம்பகமான பல மூலங்கள் மதிப்பிட்டுள்ளன என்பதும், சரியான எண்ணிக்கையை அறிய முறையான விசாரணை வேண்டும் என்பதுமே அதன் சாரம். ஐ.நா.வின் செயற்பாடுகளை ஆராய்ந்த 2012 நவம்பர் மாத உள்ளக மீளாய்வு அறிக்கையோ, 70,000 இற்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்னும் தகவலையும் குறிப்பிடுகின்றது.

"மதிப்பிட்டுள்ளன" என்பதற்கும் "கண்டறிந்தது" என்பதற்கும் இடையிலான தூரம் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் எதிர்த்தரப்பினர் புகுந்துகொள்வது அந்தத் தூரத்திற்குள்ளேதான். ஒரு சொல்லைப் பிழையாக எடுத்தாண்டதைக் காட்டி, முழுக் கட்டுரையையும் பொய்யென்று நிறுவ முற்படுவது அவர்களுக்குப் பழகிப்போன உத்தி. உண்மையே போதிய அளவு கொடியதாக இருக்கையில், அதனை மிகைப்படுத்த வேண்டிய தேவை தமிழர் தரப்புக்கு இல்லை.

அரச ஆவணம் வேதவாக்கு அன்று

அரச ஆவணங்களைச் சுட்டுக என்றால், அரசு சொன்னதெல்லாம் உண்மை என்று பொருளாகாது. ஓர் ஆவணம் நிச்சயமாக நிறுவுவது, இன்ன நாளில் இன்ன அமைப்பு இவ்வாறு கூறியது என்பதை மட்டுமே. கூறப்பட்டது மெய்யா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

2001 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இதற்குப் பாடமாக அமைகின்றது. போர்ச் சூழல் காரணமாக அவ்வாண்டில் 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே கணக்கெடுப்பு முழுமையாக நடைபெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழு மாவட்டங்கள் முழுமையாக எண்ணப்படவில்லை. தமிழர் செறிந்து வாழும் மாவட்டங்களே இவை. இதன் விளைவாக, அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. வெளியிடும் உலகத் தகவல் நூலில் இலங்கைத் தமிழரின் பங்கு 3.9 சதவீதம் என்றும், குறிப்பிடப்படாதோர் 10 சதவீதம் என்றும் பல ஆண்டுகளாக இடம்பெற்றிருந்தது. 1981 இல் 12.7 சதவீதமாகவும் 2012 இல் ஏறக்குறைய 11 சதவீதமாகவும் பதிவான ஓர் இனம், இடையில் 4 சதவீதத்துக்கும் குறைவாகச் சுருங்கிப் பின் மீண்டும் பெருகியதென எவரும் நம்பப் போவதில்லை. ஆனால் அட்டவணையை மட்டும் பார்த்து அதன் கீழுள்ள குறிப்பைப் படிக்காத மாணவர், அந்த 3.9 ஐத் தம் கையாலேயே எழுதிவிடுவார். அவ்வாறு எழுதியோர் பலர்.

மாவட்ட எல்லைகளும் இவ்வாறே ஏமாற்றக்கூடியவை. அம்பாறை மாவட்டம் 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. கிளிநொச்சி 1984 இல் தனி மாவட்டமாயிற்று. எனவே 1981 ஆம் ஆண்டு அறிக்கையில் "யாழ்ப்பாண மாவட்டம்" என்பது கிளிநொச்சியையும் உள்ளடக்கியது. இதனை அறியாமல் 1981 இன் யாழ்ப்பாணத்தை 2012 இன் யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்பிழை தமிழருக்குச் சாதகமாகத் தோன்றினாலும் பிழை பிழையே.

அரச ஆவணம் ஐயத்துக்குரியதாயின், அதனைச் சோதிக்கும் சிறந்த வழிகளுள் ஒன்று மற்றோர் அரச ஆவணத்தோடு பொருத்திப் பார்ப்பதாகும். 2009 இன் தொடக்கத்தில் போர்ப் பகுதியில் எஞ்சியுள்ள மக்கள் ஏறக்குறைய 70,000 பேரே என அரச தரப்பு கூறியது. உணவும் மருந்தும் அந்த எண்ணுக்கேற்பவே அளந்து அனுப்பப்பட்டன என்னும் குற்றச்சாட்டு இன்றும் உள்ளது. சில மாதங்களின் பின் தடுப்பு முகாம்களில் இருந்தோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவ்வாறே, பொதுமக்களுக்கு இழப்பே இல்லை என்னும் தோரணையில் 2009 இல் பேசிய அரசு, 2011 ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையில், பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்ப்பது இயலாதிருந்தது என ஒப்புக்கொண்டது. இவ்விரு கூற்றுக்களையும் திகதியோடு அருகருகே வைக்கும் மாணவர், ஒரு கடுஞ்சொல்லும் எழுத வேண்டியதில்லை. படிப்பவரே முடிவுக்கு வருவார்.

எதற்கு எவ்வளவு எடை

எல்லா ஆவணமும் ஒரே எடை கொண்டவை அல்ல. சட்டமூலம் என்பது முன்மொழிவு. நிறைவேறிய பின்னரே அது சட்டம். பிரேரணை என்பது ஓர் அவையின் கருத்து. அது எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஒன்ராறியோ மாகாணத்தின் தமிழினப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் 2021 மே மாதத்தில் நிறைவேறி ஒப்புதல் பெற்றது. ஆகவே அதனை இன்றும் "104 ஆம் இலக்கச் சட்டமூலம்" என்று மட்டும் சுட்டுவது அதன் தகுதியைக் குறைப்பதாகும். மாறாக, 2022 மே 18 இல் கனடிய நாடாளுமன்றத்தின் கீழவை ஏகமனதாக ஏற்றது ஒரு பிரேரணை. அதனைக் "கனடாவின் சட்டம்" என்று எழுதுவது அதன் தகுதியை மிகைப்படுத்துவதாகும். இரண்டும் தமிழரின் உழைப்பால் கிட்டியவை. இரண்டையும் உள்ளது உள்ளவாறு குறிப்பிடுவதே அவ்வுழைப்புக்குச் செய்யும் மரியாதை.

கன்சாட் பதிவிலும் இந்த வேறுபாடு உண்டு. ஓர் உறுப்பினரின் உரை அவருடைய கூற்றே. அமைச்சர் ஒருவர் அவையில் அளிக்கும் விடை அரசின் நிலைப்பாடு. பேசியவர் யார், எந்தத் தகுதியில் பேசினார் என்பதைக் கட்டுரையில் குறிப்பிடாமல், "பாராளுமன்றம் கூறியது" என்று எழுதுவது பொருளற்றது.

சுட்டும் முறை

ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிக்காகோ என மேற்கோள் முறைகள் பலவாக உள்ளன. சட்ட மாணவர்களுக்குப் பிரித்தானியாவில் ஒஸ்கோலா, கனடாவில் மக்கில் கையேடு எனத் தனி வழக்கங்கள் உண்டு. நிறுத்தக்குறிகளின் ஒழுங்கு முறைக்கு முறை மாறும். எனினும் எம்முறையிலும் மாறாதவை சில. ஆவணத்தை வெளியிட்ட அமைப்பு, ஆவணத்தின் முழுப்பெயர், அதன் இலக்கம், திகதி, பக்கம் அல்லது பந்தி, இணையத்தில் பெற்றதாயின் அதன் முகவரி என்பனவே அவை.

தனிமனிதர் எழுதாத நூலுக்கு ஆசிரியர் யார் என்று பலர் தடுமாறுகின்றனர். வெளியிட்ட திணைக்களமே ஆசிரியர். "இலங்கை அரசு" என்று பொதுவாக எழுதாமல், "குடிசன மதிப்பீடு, புள்ளிவிபரத் திணைக்களம்" என்று குறிப்பாக எழுதுவதையே ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பும் கேட்கின்றது.

இலக்கமே ஆவணத்தின் அடையாள அட்டை. "தனிச் சிங்களச் சட்டம்" என்பது மக்கள் வழக்கு. கட்டுரையில் வரவேண்டியது "1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம்". மலையகத் தமிழரின் உரிமையைப் பறித்தது "1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம்". பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கம். சோல்பரி ஆணைக்குழுவின் 1945 ஆம் ஆண்டு அறிக்கை பிரித்தானிய அரசின் 6677 ஆம் இலக்கக் கட்டளைப் பத்திரம். 1977 வன்செயல்களை ஆராய்ந்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 ஆம் ஆண்டின் ஏழாவது பாராளுமன்றப் பத்திரம். இலங்கை தொடர்பான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையின் குறியீடு ஏ/எச்.ஆர்.சி/30/சி.ஆர்.பி.2. இந்த இலக்கத்தைக் கையில் கொண்டு செல்லும் எவரும், உலகின் எந்தப் பெரிய நூலகத்திலும் அதே தாளைத் தேடிப் பெறலாம். சான்று என்பதன் பொருளே அதுதான்: சொன்னவரை நம்ப வேண்டியதில்லை; போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விதியும் முக்கியமானது. மூல ஆவணத்தைக் கண்ணால் காணாமல், வேறொருவரின் நூலில் கண்டதாயின், அந்நூல்வழி பெறப்பட்டதெனச் சொல்லுதல் வேண்டும். காணாததைக் கண்டதுபோல் சுட்டுவது, பிடிபடும் நாளில் எழுதியவரை மட்டுமன்றி எடுத்துக்கொண்ட பொருளையும் வெட்கப்பட வைக்கும்.

மொழி பற்றியும் ஒரு குறிப்பு. இலங்கைச் சட்டங்கள் பலவற்றின் இறுதிப் பிரிவு, சிங்களப் பாடத்துக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் இடையே முரண்பாடு ஏற்படின் சிங்களப் பாடமே மேலோங்கி நிற்கும் என்று கூறுகின்றது. ஆகவே எந்தமொழிப் பாடத்தைப் படித்து எழுதப்பட்டது என்பதைக் குறிப்பிடல் நன்று. அந்த ஒரு பிரிவே ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் போதிய பொருள் என்பதையும் மாணவர் கவனிக்கலாம்.

எங்கே தேடுவது

புலம்பெயர்ந்து வாழ்வது இவ்விடயத்தில் ஒரு வாய்ப்பாகவும் அமைந்துள்ளது. இலண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில், சி.ஓ. 54 என்னும் தொடரில் 1798 முதலான இலங்கைக் குடியேற்றக் காலக் கடிதப் போக்குவரத்துக்கள் பேணப்படுகின்றன. அரச கோப்புகளைத் திறக்கும் காலவரை அங்கு 30 ஆண்டுகளிலிருந்து 20 ஆண்டுகளாக, 2013 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. திறக்கப்படாதவற்றை 2005 முதல் நடைமுறையில் உள்ள தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கோரலாம், எந்நாட்டவரும் கோரலாம். கனடாவின் சட்டம் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவோருக்கும் கனடாவில் உள்ளோருக்கும் அவ்வுரிமையை அளிக்கின்றது. இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ இலங்கைக் குடிமக்களுக்கு உரியது. குடியுரிமை துறந்த பெற்றோராலும் இலங்கைக் குடியுரிமை இல்லாத பிள்ளைகளாலும் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது.

ஆவணங்கள் என்றும் நிலைத்திருக்கும் என்றும் எண்ணலாகாது. போராட்டத்தின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்த, இலங்கை தொடர்பான ஏறக்குறைய 200 கோப்புகளைப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு அழித்துவிட்டமை 2018 இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆட்சி மாறும்போது அமைச்சுக்களின் இணையத்தளங்களும் மாறுகின்றன. நேற்று இருந்த அறிக்கை இன்று இல்லை. எனவே பார்த்த அன்றே ஒரு பிரதியைச் சேமித்து, பார்த்த திகதியையும் குறித்து வைத்தல் அவசியம். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 வரையான நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த இனத்துக்குப் பிரதி எடுத்து வைப்பதன் அருமையை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் அந்தப் படிப்பினையின் விளைச்சலே.

பெற்றோரின் பங்கு

"எங்களை அழித்த அரசின் ஏட்டை நாங்களே சான்றாகக் காட்டுவதா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கேள்வி வேதனையிலிருந்து பிறப்பது. ஆயினும் ஒரு தரப்பின் ஏட்டை அதற்கு எதிராகவே காட்டுவது அத்தரப்பை ஏற்றுக்கொள்வதாகாது. நீதிமன்றில் எதிராளியின் ஒப்புதலைவிட வலிய சான்று வேறு உண்டோ?

கண்டவரின் வாய்மொழிச் சாட்சியத்துக்கு இடமில்லை என்றும் இதற்குப் பொருளில்லை. அரசு எழுதாமல் விட்டவை ஏராளம். அவற்றை முறையாகப் பதிவு செய்து, வாய்மொழிச் சான்று என்றே பெயரிட்டு, ஆவணத்தின் அருகில் வைக்க வேண்டும். ஆவணம் எலும்பு, சாட்சியம் அதன் தசை.

பெற்றோரால் மட்டுமே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. 1972 இற்கு முற்பட்ட ஆங்கில ஆவணங்கள் "சிலோன்" என்னும் பெயரின்கீழ் இருக்கும் என்பதும், மணலாறு பிற்கால ஏடுகளில் "வெலிஓயா" என்றே வரும் என்பதும் இங்கு பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. பழைய பெயரைத் தேடினால் பாதி ஆவணம் கிட்டாது. புதிய பெயரை மட்டும் அறிந்தால் பாதி வரலாறு கிட்டாது. இரு பெயரையும் அறிந்தவர் வீட்டிலேயே இருக்கின்றார். மகள் கணினி முன் அமர்ந்து தேடுகையில், தாய் அருகில் அமர்ந்து ஊரின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பாராயின் அதுவே பெரும் ஆய்வுப் பணி.

தமிழ் அமைப்புக்களுக்கும் கடமை உண்டு. மூலம் குறிப்பிடாத எண்களையும் திகதியற்ற கூற்றுக்களையும் ஆண்டுதோறும் மறுபதிப்புச் செய்வதைத் தமிழர் ஊடகங்களும் அமைப்புக்களும் நிறுத்த வேண்டும். வெளியிடும் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் ஆவணத்தின் பெயரும் பந்தி இலக்கமும் இருக்குமாயின், அதனைப் படிக்கும் மாணவர் மூலத்தைத் தாமே தேடிச் செல்வார்.

மறுப்போர் களைப்பதில்லை. நேரில் கண்டவர்களோ ஆண்டுக்காண்டு மறைந்து வருகின்றனர். இன்னும் முப்பது ஆண்டுகளில் முள்ளிவாய்க்காலை நினைவிலிருந்து சொல்லக்கூடியோர் சிலரே இருப்பர். அன்று பேசப்போவது காகிதம். அந்தக் காகிதத்தை இன்றே தேடி எடுத்து, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், இலக்கமும் பந்தியும் பிழையின்றி எழுதி வைக்கும் மாணவர், தம் கட்டுரையின் ஓரத்தில் எழுப்பப்பட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதவில்லை. நாளை ஓர் அந்நியர் எழுப்பப்போகும் அதே கேள்விக்கும் விடையைத் தயார் செய்து வைக்கின்றார்.